மோட்டார் கொட்டகையில் விழுந்த ஒரே அடி

செல்லப்பன் எனக்குத் தரவேண்டியிருந்த கடன் நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய். அதில் பதினேழாயிரம் அவன் கை நீட்டி வாங்காத கடன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் இதைச் சொல்ல எனக்கு இரண்டரை வருஷம் ஆனது.

என் பெயர் சாமிநாதன். ஊர் கரிக்கலாம்பாக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. பதினொரு வயதில் கரும்பு வெட்டும் கும்பலோடு போனவன், முப்பத்தாறு வயதில் முதல் காணியை என் பெயரில் எழுதினேன். இன்று நான்கு காணி நிலம், முந்நூற்று இருபது அடி ஆழத்தில் போர், அதில் ஏழரை குதிரைச் சக்தி மோட்டார். பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் மனை போட்டு விற்றுவிட்டுப் போனபோதும் நான் விற்கவில்லை. கணக்கு நோட்டு நானே எழுதுவேன். எழுத்து கோணலாக இருக்கும், கணக்கு கோணாது. இவ்வளவும் சொல்வது பெருமைக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே எழுத வந்தது என் கதை இல்லை. என்னிடம் ஒன்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சிய செல்லப்பன் கதை.

செல்லப்பனுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான ஆள். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே, போரில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று சொல்வான். ஒரு கோடையில் மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவன் சிரிக்காமல் சொன்னான்: “மொதலாளி, இது உங்க மோட்டாருதான். தண்ணி இல்லன்னாலும் சத்தம் மட்டும் கொறையல.” வேறு எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன்.

2019இல் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் அறுபதாயிரம் வாங்கினான். வட்டி போடவில்லை, இது ஊருக்கே தெரியும். சம்பளத்தில் மாதம் ஆயிரம், முடியாத மாதம் ஐந்நூறு என்று கழித்துக்கொண்டு வந்தேன். பகலில் தண்ணீர் பாய்ச்சுவான், மோட்டார் கொட்டகையையும் பார்த்துக்கொள்வான். அந்தக் காவலுக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காவலில் இருக்கும்போது பொருள் போனால், போன பொருள் காவல்காரன் தலையில். ஆடு மேய்ப்பவனிடம் ஆடு காணாமல் போனால் அவன்தானே கட்டவேண்டும்? அதுபோலத்தான் இதுவும். இப்போதெல்லாம் போர் மோட்டார் கேபிளை வெட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக. பழைய இரும்புக் கடையில் போட்டால் அவர்களுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கிடைக்கும். நமக்கு எட்டாயிரத்து ஐந்நூறு செலவு, நான்கு நாள் பயிர் காயும். என் கொட்டகையில் இரண்டு தடவை கேபிள் போனது. ஒரு தடவை செல்லப்பன் சாப்பிடப் போயிருந்தபோது. இன்னொரு தடவை வாய்க்கால் உடைப்பை அடைக்கப் போயிருந்தபோது. இரண்டு தடவையும் நோட்டில் அவன் பக்கத்தில் எட்டாயிரத்து ஐந்நூறு ஏற்றினேன்.  நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு மம்மட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாப்பாட்டையும் அதற்குப் பிறகு கொட்டகையிலேயே வைத்துக்கொண்டான்.

2023 மாசி மாதம். மதியம் ஒன்றரை மணி இருக்கும். நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். செல்லப்பனிடமிருந்து போன் வந்தது. “மொதலாளி, சீக்கிரம் வாங்க. ஒருத்தன அடிச்சிட்டேன். மூச்சு இருக்குது” என்றான்.  வண்டியை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய்விட்டேன். நூற்றெட்டுக்கும் நான்தான் போன் போட்டேன்.

கொட்டகைக்கு ஒரே வாசல். குனிந்துதான் நுழையவேண்டும். அந்த வாசலில் ஒரு பையன் தலையில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பக்கத்தில் ஒரு இரும்புப் பைப்பு. செல்லப்பன் அவன் தலையைத் தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கையால் மட்டும். இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கி, கோணிக்கொண்டு தொங்கியது. கூட வந்த இன்னொருத்தன், போரிலிருந்து வெட்டிய கேபிளோடு பைக்கில் போய்விட்டிருந்தான். சுற்றிலும் மனைக் கற்கள்தான், ஒரு வீடு இல்லை. கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது.

செல்லப்பன் நடந்ததைச் சொன்னான். நான் பாதிதான் கேட்டேன். அப்போதே என் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அந்தப் பையனை ஏற்றிக்கொண்டு போனது. அவன் பெயர் முத்துக்குமரன் என்றும், போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றும் பிறகு சொன்னார்கள்.

போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்திலும் அவர்கள் வந்த பிறகுமாக நான் மூன்று தப்பு செய்தேன். செய்தபோது மூன்றும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

முதலாவது, செல்லப்பனை ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் வைத்தியரிடம் அனுப்பினேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பொழுது போய்விடும், இவரிடம் போனால் மூங்கில் பத்தை வைத்து முட்டைக் கட்டுப் போட்டு அரை மணியில் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். என் காலையே அவர்தான் சேர்த்தார். ஆனால் அவர் கட்டுக்குச் சீட்டு கிடையாது, தேதி கிடையாது. அடிபட்டதற்கு ஒரு காகிதமும் இல்லாமல் போனது.

இரண்டாவது, புகாரை நானே சொல்லி எழுதவைத்தேன். எழுதிய போலீஸ்காரர் தடுமாறியபோதுகூட நான்தான் வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். “என் நிலத்தில் கேபிள் திருட வந்தவனை என் காவல் ஆள் செல்லப்பன் தடுத்து மம்மட்டியால் அடித்தான்.” இவ்வளவுதான். அந்தப் பையன் பைப்பால் அடித்தான், செல்லப்பன் கை முறிந்தது, பையன் இரண்டாவது முறை ஓங்கினான் என்றெல்லாம் சொன்னால் அது அடிதடி கேஸ் ஆகிவிடும், இரண்டு தரப்பையும் உள்ளே தள்ளுவார்கள் என்பது என் கணக்கு. திருடனை அடித்தான் என்றால் விஷயம் சுத்தம். சொந்த நிலத்தில் திருட வந்தவனை அடிக்க நமக்கு உரிமை இல்லையா? எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கட்டுப் போட்டுத் திரும்பி வந்த செல்லப்பனிடம், கேட்டால் கேபிளுக்காக அடித்தேன் என்று மட்டும் சொல், கை கீழே விழுந்ததில் முறிந்தது என்று சொல் என்றேன். “நீங்க சொன்னா சரிங்க” என்றான்.

மூன்றாவது, அந்தப் பைப்பு. இது யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இங்கே கிடக்கிற இரும்பெல்லாம் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நிலத்துக்காரன் வாய்க்கு அப்படித்தான் வரும். என் நிலத்தில் கிடக்கும் ஒரு ஆணியைக்கூட இன்னொருத்தனுடையது என்று நான் சொன்னதில்லை. அவரும் அதை என் பைப்புகளோடு சாய்த்து வைத்துவிட்டு மம்மட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

போதாததற்கு, ஏற்கெனவே இரண்டு தடவை திருட்டுப் போயிருக்கிறது என்று காட்ட என் கணக்கு நோட்டையும் கொடுத்தேன். பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே செல்லப்பனைக் கைது செய்தார்கள். கொலைக் கேஸ். நூற்றுப் பன்னிரண்டு நாள் காலாப்பட்டு ஜெயிலில் இருந்தான். ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், நிலப் பத்திரத்தை நான் காட்டினேன். அந்தச் செலவை அவன் கணக்கில் எழுதவில்லை. வெளியே வந்தவன், முறிந்த கையோடு, கேஸ் முடிகிற வரைக்கும் வேலைக்கு வரவில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும், என் ஆள் என் கேபிளுக்காகச் சிங்கம் மாதிரி நின்றான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் சொன்னேன், பால் சொசைட்டியில் சொன்னேன். ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னபோது எதிர் இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

வக்கீலை நான் பார்க்கவில்லை. அதிலேயே எனக்கு எரிச்சல். எனக்குத் தெரிந்த வக்கீல் இருவர் உண்டு. என்னைக் கேட்காமல் செல்லப்பன் பெண்டாட்டி செல்வகுமாரி இலவசச் சட்ட உதவியில் மனுப் போட்டு, ஜாய்ஸ் என்ற பெண்ணை அமர்த்திவிட்டாள். வில்லியனூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஸ்கூட்டியில் வருவாள். இந்தப் பெண்ணா கொலைக் கேஸ் நடத்தப்போகிறது என்று செல்வகுமாரியிடம் கேட்டேன். 

கேஸ் விசாரணைக்கு வருவதற்கு முன்பு ஜாய்ஸ் என்னைக் கூப்பிட்டாள். அரசுத் தரப்பில் முதல் சாட்சியே நான்தான், புகார் கொடுத்தவன் என்பதால். எதிர்த்தரப்பு வக்கீல் என்னோடு பேசலாமா என்று கேட்டேன். உண்மையைச் சொல்லச் சொல்வதற்குப் பேசலாம் என்றாள். மூலக்குளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவள் ஆபீஸ். புகாரைப் படித்துக் காட்டிவிட்டு, இதைச் சொன்னது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“ஐயா, நீங்க எழுதவெச்ச இந்த ஒரு வரிதான் செல்லப்பனை ஆயுசுக்கும் உள்ள வைக்கப்போவுது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் நிலம், என் மோட்டார், திருட வந்தவன் அவன், இதில் என்ன தப்பு என்று சத்தமாகவே கேட்டேன்.

“நிலம் உங்க பேர்ல இருக்குது. சட்டம் உங்க பேர்ல இல்லீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னாள். பொருளைக் காப்பாற்றத் தடுக்கலாம், பிடிக்கலாம், தள்ளலாம். பட்டப்பகலில் கேபிள் வெட்டுகிறான் என்பதற்காக மட்டும் உயிரை எடுக்கச் சட்டம் விடாது. ஆனால் அந்தத் திருடன், உயிரே போகும் என்றோ கை கால் முறியும் என்றோ பயப்படும்படி நம் மேல் வந்தால், அப்போது திருப்பி அடிக்கலாம். அந்த அடியில் அவன் செத்தாலும் குற்றமில்லை. அந்தப் பயம் இருக்கிற வரைக்கும்தான் அந்த உரிமையும். அவன் விழுந்த பிறகோ, திரும்பி ஓடும்போதோ இன்னொரு அடி அடித்தால் கதை மாறிவிடும். ஓடியிருக்கலாமே என்று கேட்பார்கள். ஓடித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இருந்தாலும் ஓட வழி இருந்ததா என்று ஜட்ஜ் பார்ப்பார். பிரேதப் பரிசோதனையில் ஒரே காயம் இருக்கிறது, அது செல்லப்பனுக்கு நல்லது. கை முறிந்தது, அதுவும் நல்லது. ஒரே வாசல், அதில் அவன் மறித்து நின்றான், எல்லாவற்றையும்விட அது நல்லது.

“இது மூணும் உங்க புகார்ல இல்ல. பைப்பும் உங்களுதுன்னு சொல்லிட்டீங்க” என்றாள்.

கை முறிந்ததற்கு ஜெயில் டாக்டரின் பதிவு இருக்கிறதாம். உள்ளே போன அன்றைக்கே மூங்கில் கட்டைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார், மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேவும் எடுத்திருக்கிறார். ஆனால் அது எப்படி முறிந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். முதலில் பார்த்தவன் நான்தான். கோர்ட்டில் நான் முன்னால் சொன்னதை நானே மறுக்கவேண்டும். அரசு வக்கீல் என்னைப் பொய்யன் என்பார். போலீஸ் என் மேலேயே கேஸ் போட்டாலும் போடலாம். அதையும் மறைக்காமல் சொன்னாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன்.  அவள் மேல் கோபம், சட்டத்தின் மேல் கோபம், அந்தப் போலீஸ்காரர் மேலும் கோபம். நான் சொன்னதை எல்லாம் எழுதினாரே, இதை ஏன் சொல்லவில்லை என்று அவராவது கேட்டிருக்கக்கூடாதா? எழுபத்தொரு வயதில், மெத்தப் படித்தவர்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று, நான் பொய் சொன்னேன் என்று சொல்வதா? மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஜாய்ஸ் போன் செய்தபோது எடுக்கவும் இல்லை.

செல்வகுமாரி வீட்டுக்கு வந்தாள். வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் கீழே வைத்தாள். கோர்ட்டுக்கு வருவீர்களா என்று கேட்டாள். சாட்சிக்கு வரச்சொல்லி ஓலை வந்திருக்கிறது, வராமல் எப்படி என்றேன். வந்து என்ன சொல்வீர்கள் என்றாள். எனக்கு எரிச்சலாகிவிட்டது. உன் புருஷனுக்கு நான் என்ன குறை வைத்தேன், வட்டியில்லாமல் பணம் கொடுத்தவன் நான், ஜாமீன் கொடுத்தவன் நான் என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“ஐயா, கேபிளு போனதுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுன்னு வெல போட்டீங்க. அந்தாளுக்கும் ஒரு வெல போட்டுச் சொல்லிடுங்க. எப்படியாச்சும் கட்டிட்டு இந்தக் கேஸுலேருந்து மீட்டுக்கினு போயிடுறேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். வைத்த தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாள்.

2025 ஆவணியில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். கோர்ட் ஹாலின் ஒரு மூலையில் செத்த பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார் என்று செல்வகுமாரி சொல்லியிருந்தாள். திருடனின் அம்மா எப்படி இருப்பார் என்று நான் என்னவோ நினைத்திருந்தேன். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பையனின் ஆதார் கார்டும் போட்டோவும் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காத காகிதத்தைக் காத்துக்கொண்டிருந்தார். செல்லப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அரசு வக்கீல் புகாரைப் படித்து, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு ஜாய்ஸ் எழுந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொன்னேன். கை முறிந்து தொங்கியதைப் பார்த்தேன். கட்டுப் போட அனுப்பியது நான். விழுந்து முறிந்ததாகச் சொல்லச் சொன்னது நான். அந்தப் பைப்பு என்னுடையது இல்லை. என் பைப்பெல்லாம் இரண்டரை அங்குலம், அது ஒன்றே கால். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போனது. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் ஜட்ஜ். ஐம்பது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அரசு வக்கீல் மறுபடி எழுந்தார். என் நோட்டின் நகலை நீட்டி, அந்த வரியைப் படியுங்கள் என்றார். கண்ணாடியை எடுத்துவரவில்லை என்றேன். சட்டைப் பையில் இருப்பது என்ன என்றார். யாரோ சிரித்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். “கேபிள் திருட்டு. செல்லப்பன் பற்று. எட்டாயிரத்து ஐந்நூறு.” கீழே இன்னொரு வரி, அதுவும் அதேதான்.

“ஆக, மூணாவது தடவையும் கேபிள் போனா பணம் அவன் தலையிலதான் விழும். அது அவனுக்குத் தெரியும். அந்தப் பணத்துக்காகத்தான் அடிச்சான். சரிதானே?” என்றார்.

 கேபிளுக்காகச் சிங்கம் மாதிரி நின்றான் என்று ஊரெல்லாம் சொன்னவன் நானல்லவா? அதையே இந்த மனிதர் வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பதினேழாயிரம் அவன் கடன் இல்லை, நான் ஏற்றிய கடன் என்றேன். அதை நான் கேட்கவில்லை என்றார். கூண்டிலிருந்து இறங்கப் போனேன். இன்னும் இறங்கச் சொல்லவில்லை என்றார்கள்.

கட்டு வைத்தியர் வந்து சொன்னார். தடுத்துக் கையைத் தூக்கினால்தான் எலும்பு இந்த இடத்தில் முறியும், கீழே விழுந்தால் மணிக்கட்டில் முறியும் என்று தன் கையையே தூக்கிக் காட்டினார். ஆஸ்பத்திரி டாக்டரும் எக்ஸ்ரேயைப் பார்த்து அதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

கடைசியில் ஜட்ஜ் செல்லப்பனையே கேட்டார், நீ என்ன சொல்கிறாய் என்று. நான் பின்வரிசையில் இருந்தேன். இரண்டரை வருஷத்தில் அவன் வாயிலிருந்து முழுக்கதையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“சாப்பிட்டுக்கினு இருந்தேன்யா. போரு பக்கம் கேபிளு வெட்டுற சத்தம் கேட்டுது. போனா போவுது, எட்டாயிரத்து ஐந்நூறுதான, இன்னும் ஒம்போது மாசம் சேத்துக் கழிப்போம்னு அசையாமதான் குந்தினு இருந்தேன். உள்ள ஆள் இருக்கறது அவனுக்குத் தெரியல. ஸ்டார்ட்டர் பக்கம் வெட்ட உள்ள வந்துட்டான். என்னப் பாத்ததும் பயந்துட்டான் போல. பைப்ப ஓங்கினான். கையத் தூக்கினேன், முறிஞ்சிபோச்சு. போயிடுறேன்டா, வுடுறா வழியன்னேன். வாசலக் குறுக்கிக்கினு மறுபடியும் தலைக்கு ஓங்கினான். மம்மட்டி கைக்குக் கெடைச்சுது. ஒரே அடிதான்யா. அவன் வுழுந்ததும் கைய எடுத்துட்டேன்.”

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஜட்ஜ் கேட்டார். செல்லப்பன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. “சொல்லச் சொன்னது வேறங்கய்யா” என்றான்.

என் கேபிளைக் காக்க அவன் எழுந்து நிற்கக்கூட இல்லை. கேபிள் போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தான். எட்டாயிரத்து ஐந்நூற்றை மனதுக்குள்ளேயே தன் பக்கம் ஏற்றிக்கொண்டு, சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். நான் ஊருக்கெல்லாம் சொன்ன சிங்கம் எங்கேயும் இல்லை. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த நான்கு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவன் அப்படி உட்கார்ந்திருந்ததால்தான் தப்பினான். அதையும் சொல்லவேண்டும்.

ஐப்பசி முடியும்போது தீர்ப்பு வந்தது. விடுதலை. ஜட்ஜ் படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: அடித்தது கேபிளுக்காக இல்லை, உயிருக்காக. வழி கேட்டும் வழி கிடைக்கவில்லை. கை முறிந்தவன் தன் அடியைத் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது. அடித்தது ஒன்று, பயம் தீர்ந்ததும் நிறுத்தியிருக்கிறான். முதல் சாட்சியைப் பற்றியும் நான்கு வரி இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் மேல் கேஸ் எதுவும் போடவில்லை, வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள் என்றாள் ஜாய்ஸ். வயதைப் பார்த்து விட்டுவிட்டார்களாம்! என் வயதை இதுவரை எவனும் பார்த்ததில்லை.

செத்தவனின் அம்மா தீர்ப்பு முடிந்தும் எழவில்லை. செல்லப்பன் அவர் இருந்த பெஞ்சு வரைக்கும் போனான். என்ன சொன்னான் என்று தெரியாது.  கோர்ட் சிப்பந்தி வந்து இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். கொட்டகைக்கு இரண்டாவது வாசல் வைத்தேன், இரும்புக் கதவும் போட்டேன். பதினேழாயிரத்தை நோட்டில் அடித்தேன், இரண்டு கோடு போட்டு. அவன் வரவில்லை. கார்த்திகை தீபம் முடிந்து மழையும் நின்றது, நாற்று விடும் காலமும் வந்தது. ஒதியம்பட்டில் மரியசுந்தரம் என்பவருடைய கரும்புத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறான் என்றார்கள். கரும்பு வெட்ட இரண்டு கையும் வேண்டும். இவன் இடது கை சரியாக மடங்காது. வெட்டியதைக் கட்டித் தூக்குகிறானாம். என்னிடம் நிழலில் உட்கார்ந்து மோட்டார் சத்தம் கேட்கிற வேலை, அங்கே வெயிலில் சுமை தூக்குகிறான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தை பிறந்து பத்து நாள் கழித்து நானே போனேன். சாயங்காலம், வேலை முடிகிற நேரம். மரியசுந்தரம் வரப்பில் நின்று ஆட்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார். நின்றுகொண்டே பேசினேன். பதினேழாயிரத்தை அடித்துவிட்டேன், மீதி இருபத்து நான்காயிரத்து ஐந்நூறும் வேண்டாம், நாளைக்கு வந்துவிடு என்றேன். சம்பளத்தில் ஆயிரம் ஏற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். இதைவிட ஒரு மனுஷன் இறங்கி வரமுடியாது.

செல்லப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். செல்வகுமாரி மாட்டை விற்றுவிட்டாள் என்றான். பணம் வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றிருந்தேன், நீங்களே வந்துவிட்டீர்கள், இருங்கள் என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் பணக்கட்டோடு வந்தான். அந்த அரை மணி நேரம் நான் நாற்காலியில் உட்காரவில்லை.

“வேணாம்னு சொல்றேன்ல. உங்கிட்ட நான் கேட்டனா?” என்றேன்.

“வாங்கிக்குங்க மொதலாளி. நீங்க வாங்கலன்னா, நாளைக்கு நீங்க கூப்புட்டா நான் வரணும்.”

“வந்தா இன்னாடா? நான் உன்ன அடிச்சனா, வெரட்டினனா?”

“இல்லீங்க” என்றான்.  நான் திட்டினால் திருப்பித் திட்டியிருக்கலாம். கோர்ட்டில் நான் பட்ட அவமானத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதுவும் இல்லை. பணக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றான். கூலி வாங்கிய ஆட்கள் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியசுந்தரம் பார்க்காததுபோல வாய்க்காலைப் பார்த்தார்.

கை நீட்டினேன். வேறு என்ன செய்வது?

செல்லப்பன் கட்டை இடது கையில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் அந்த இருபத்து நான்காயிரத்து ஐந்நூறையும் ஐந்நூறு ரூபாய் நோட்டாக ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வாய் விட்டு எண்ணினான். காற்றுக்கு நோட்டு பறந்துவிடாமல் ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தான். நாற்பதுக்கு மேல் மெதுவானான். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.